சுவரைப் பார்த்த நாற்காலி

புளியங்கொட்டையைச் சென்னையிலிருந்து கொண்டுவந்தார் எங்கள் ஒருங்கிணைப்பாளர். சங்கரன்கோவிலுக்கு! எந்தச் சாலையில் போனாலும் புளியமரம் நிற்கிற ஊருக்கு. ஜிப் வைத்த பையில், கழுவி, காயவைத்து, துணியால் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். "இங்க கிடைக்குமோ கிடைக்காதோன்னு ஒரு சேஃப்டிக்கு எடுத்துட்டு வந்தேன்மா" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் ஆள் எனக்கு முழுசாகத் தெரிந்துவிட்டார். அப்புறம் அவருடன் வேலை பார்த்த நாட்களில் அந்தக் கணிப்பைத் திருத்திக்கொள்ள அவர் எனக்கு ஒரு வாய்ப்பும் தரவில்லை.

அவருடைய தொண்டு நிறுவனம் எங்கள் விசைத்தறித் தெருக்களில் ஒரு வருஷம் சுகாதாரத் திட்டம் நடத்த நிதி வாங்கியிருந்தது. என்ன திட்டம் என்பதை மக்களே சொல்ல வேண்டுமாம். அப்படிக் கேட்டு எழுதுவதற்குப் பெயர் சமூகத் தேவை மதிப்பீடு. நான் சென்னையில் பொதுச் சுகாதாரம் படித்துவிட்டு ஊர் திரும்பி, வேலைக்கு விண்ணப்பம் அனுப்பி அனுப்பி அலுத்துப்போயிருந்த நேரம். அந்தத் தெருவிலேயே பிறந்தவள் என்பதால் களப்பணியாளர் என்று ஓர் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். படிக்கும்போது எனக்கு மிகவும் பிடித்த பாடம் இதுதான். ஜனங்களிடம் போய் உட்கார்ந்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்பது. இத்தனை எளிய காரியத்தை நாலு பேர் கூடி எப்படியெல்லாம் கெடுக்கலாம் என்பதை மட்டும் வகுப்பில் சொல்லித் தரவில்லை.

முறை இதுதான். காகிதக் கோப்பைகளை வரிசையாக வைப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு படம் ஒட்டியிருக்கும். கொசு, கழிப்பறை, சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், சத்துணவு, கை கழுவும் சோப்பு. தங்களுக்கு எது பெரிய பிரச்சினையோ அந்தக் கோப்பையில் ஜனங்கள் புளியங்கொட்டையைப் போட வேண்டும். எதில் கொட்டை அதிகமோ அதற்குத்தான் திட்டம். முறையில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் கோப்பைகளில் காது இல்லை.

"சார், தறித்தெருவுக்கு வந்துட்டு காதை விட்டுட்டீங்களே" என்றேன்.

"காது ஒரு ப்ரையாரிட்டி இஷ்யூ இல்லைம்மா" என்றார், கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எங்கள் தெருவில் விடிந்ததிலிருந்து ராத்திரி சாப்பாட்டு நேரம் வரை தறி ஓடும். நூலைச் சுமக்கிற நாடாக் கட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிபடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவள் கத்தினாலும் கேட்காது. அதனால் தறிப் பெண்கள் கத்துவதில்லை. உதட்டை மட்டும் நன்றாக அசைத்து, விரலையும் புருவத்தையும் சேர்த்துக்கொண்டு, நாலு தறி தள்ளி நிற்பவளிடம் ஊர்க்கதை முழுவதும் பேசிவிடுவார்கள். பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே எனக்கு அந்தப் பேச்சு வரும். ஆடித்தபசுத் திருவிழா நெரிசலில் தேரடியில் நின்றுகொண்டு, எதிர்வரிசையில் நிற்கும் அம்மாவிடம் சத்தமே இல்லாமல் வளையல் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

அம்மாவின் தங்கை, என் சித்தி, கல்யாணத்துக்கு முன்பிருந்தே தறி ஓட்டுகிறாள். அந்த வீடு ஓடுவது அவள் சம்பளத்தில். கொஞ்ச காலமாக அவளிடம் ஒரு மாற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருக்கும், இவள் வெங்காயம் உரித்துக்கொண்டே இருப்பாள். டிவியைச் சத்தமில்லாமல் பார்ப்பாள். முதுகுக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். நான் வேலையில் சேர்ந்த அன்று சாயங்காலம் என்னைச் சமையல்கட்டுக்குள் இழுத்துப்போய், வீட்டில் வேறு யாருமே இல்லாதபோதும் உதட்டாலேயே சொன்னாள்: "ஒங்க ஆபீஸ்ல பேசி காதுக்கு ஒரு டெஸ்ட் வைக்கச் சொல்லுட்டி. எனக்குன்னு சொல்லிராத. எல்லாருக்கும்னு சொல்லு."

"திருநெல்வேலிக்குக் கூட்டிட்டுப் போறேனே சித்தி."

"காது பாக்கப் போறான்னு பஸ்ஸு ஏறுததுக்குள்ள தெருவுக்கே தெரிஞ்சிரும். அப்புறம் மொதலாளிக்குத் தெரியும். போன வருசம் அந்தக் கோடி வீட்டுக்காரிய என்ன செஞ்சாரு, மறந்துட்டியா?"

மறக்கவில்லை. அந்த அம்மாளின் தறியில், குறுக்கே ஓடுகிற ஊடை நூல் அறுந்துவிட்டது. அறுந்தால் தறியின் சத்தம் லேசாக மாறும். அது அவள் காதில் விழவில்லை. ஒரு சேலை வீணாகிவிட்டது. "தறிச் சத்தம் மாறுதது தெரியாதவளுக்குத் தறி எதுக்கு?" என்று கேட்டு அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார் முதலாளி. காதைத் தின்றது அவருடைய தறி. தின்று முடித்துவிட்டு, காது இல்லாதவள் வேண்டாம் என்கிறது. சித்தி ஒரு கையைத் தறிக்கட்டையின் மேலேயே வைத்துக்கொண்டு, அதிர்வு மாறுவதை உள்ளங்கையால் தெரிந்துகொண்டு இத்தனை நாளை ஓட்டியிருக்கிறாள்.

மதிப்பீட்டுக் கூட்டத்தை மாதாந்திர மின்தடை நாளில் வைத்தோம். ஷட்டவுன் அன்றைக்குத்தான் தறி நிற்கும். அதுவரை சரி. இடம் எது தெரியுமா? முதலாளியின் தறி ஷெட்டுக்கு மேலே இருக்கிற அவருடைய ஹால்.

"சார், அங்க வச்சா ஒருத்தியும் வாயத் திறக்க மாட்டா."

"அவர் கம்யூனிட்டி லீடர்மா. எவ்வளவு சப்போர்ட்டிவா இருக்கார் தெரியுமா? வடையும் காபியும் அவர் செலவு."

வடைக்கும் காபிக்கும் ஒரு தெருவின் வாயை விற்றுவிட்டோம் என்பது அவர் மண்டையில் ஏறவே இல்லை. கை வைத்த நாற்காலி ஒன்றே ஒன்று. அதில் முதலாளி, கோப்பைகளுக்குப் பக்கத்தில். கீழே ஜமுக்காளத்தில் பெண்கள். ஒருங்கிணைப்பாளர் இரண்டு கைகளையும் விரித்தார். "இது உங்க இடம். உங்க ஹெல்த் நீட்ஸ் என்னன்னு மனசு விட்டுப் பேசுங்க." ஒலிப்பதிவுக்குக் கைபேசியை நடுவில் வைத்தார்.

ஒருவரும் பேசவில்லை. முதலாளி பேசினார். "எங்க ஆளுகளுக்கு ஒரு சீக்கும் கெடயாது சார். உழைக்குத ஒடம்புலா? சுகர் வேணா ரெண்டு பேருக்கு இருக்கும்."

"வெரி குட் பாயிண்ட்" என்று எழுதிக்கொண்டார் ஒருங்கிணைப்பாளர்.

அதே நேரத்தில் ஜமுக்காளத்தில் அமளியாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஒரு சத்தமும் இல்லை. முதலாளிக்கு அந்தப் பேச்சு தெரியாது. சொந்த ஷெட்டுக்குள் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் நின்றிருந்தால்தானே தெரியும்? நான் சுவரோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மனச விடச் சொல்லுதானே, இவன் சட்டையில பட்டன விட்டுட்டான் பாத்தியா?" என்றாள் முன்வரிசையில் ஒருத்தி.

"ஏட்டி, சிரிக்காத. எனக்குச் சிரிப்பு வருது."

"ராத்திரியானா காதுக்குள்ள ஒரே இரைச்சலுட்டி. தறி நம்ம தலைக்குள்ளதான் ஓடுது."

"எனக்கு வலதுபக்கம் போயிருச்சு. செல்லு பேசுனா எடது காதுலதான் வைக்கேன்."

"சத்தமா சொல்லேன் பாப்போம்."

"தறி வேண்டாம்னா நீ சொல்லு."

சித்தி என்னைப் பார்த்தாள். "காதச் சொல்லு மக்கா. ஒஞ்சொல்லா சொல்லு."

சொன்னேன். ஒரு காலிக் கோப்பையை எடுத்துப் பேனாவால் காதை வரைந்து வரிசையின் கடைசியில் வைத்தேன். ஒருங்கிணைப்பாளரின் முகம் சுருங்கியது. நாம் வழிகாட்டக் கூடாது, மக்களிடமிருந்து தானாக வர வேண்டும் என்று ஆங்கிலத்தில் முணுமுணுத்தார். முதலாளி சிரித்துக்கொண்டே திரும்பி உட்கார்ந்தார். "யாருக்கு இங்க காது கேக்கல? கையத் தூக்குங்க பாப்போம்."

ஒரு கையும் எழவில்லை. "பாத்தீங்களா சார்?" என்றார். "பார்த்தேன்" என்று இவரும் எழுதிக்கொண்டார். ஒரு மனிதன் படித்துப் பட்டம் வாங்கி இப்படி ஆவதற்கு எத்தனை வருஷம் பாடுபட்டிருக்க வேண்டும்!

கொட்டை போடும் நேரம் வந்தது. முதலாளியின் முழங்கால் கோப்பைகளை இடித்துக்கொண்டிருந்தது. வரிசையில் முதலில் எழுந்தவள் திரும்பி மற்றவர்களிடம் உதட்டால் சொன்னாள்: "எல்லாரும் சோப்புல போடுங்கட்டி. சோப்பாவது குடுப்பான்."

அவ்வளவுதான். கொட்டை முழுவதும் சோப்புக் கோப்பைக்குப் போனது. நிரம்பி வழிந்து தரையில் உருண்டது. காதுக் கோப்பையில் ஒன்றுகூட இல்லை. ஒருங்கிணைப்பாளருக்குக் கண்ணில் நீர் தளும்பாத குறை. இவ்வளவு தெளிவான ஒருமித்த கருத்தைத் தன் அனுபவத்தில் பார்த்ததில்லையாம். வழிந்த கோப்பையை நாலு கோணத்தில் படம் எடுத்தார். பெண்கள் வடையைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனார்கள். சித்தி என் பக்கம் திரும்பாமலே போனாள்.

அவரிடம் வாதாடிப் பயனில்லை என்று தெரிந்தது. அவருக்குப் புரிகிற மொழியில் பேசினேன். "சார், இந்த ரிசல்ட்டை ஒரு தடவை வேலிடேட் பண்ணணும்." அவரைப் போன்ற ஆட்களுக்குச் சில வார்த்தைகள் சாவி மாதிரி. சொன்னால் போதும், கதவு திறந்துவிடும். மறுநாளே ஷெட்டுக்குள் போக முதலாளியிடம் அனுமதி வாங்கிவிட்டார்.

தறி ஓடிக்கொண்டிருந்தது. ஒருங்கிணைப்பாளர் வாசல்படியிலேயே நின்றுவிட்டார், இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு. மறுபடியும் எழுதுகிறேன்: இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு. அப்படி நின்றவருக்கு ஒரு பொறியும் தட்டவில்லை. பக்கத்தில் முதலாளி. நான் ஒவ்வொரு தறியாகப் போனேன். கையால் சோப்புப் போட்டுத் தேய்த்து, விரலிடுக்கில் தேய்த்து, மணிக்கட்டுவரை கழுவிக் காட்டினேன். உதட்டால் கேட்டது வேறு.

"காது இரையுதா அக்கா?"

"பொழுதன்னைக்கும்."

"டெஸ்ட் வச்சா வருவீங்களா?"

"அந்தாளு வாசல்ல நிக்கான். நீ கையத் தேய்ச்சுக்கிட்டே கேளு."

தேய்த்துக்கொண்டே கேட்டேன். அவர்களும் கையைத் தேய்த்துக்கொண்டே, முதலாளியின் முகத்துக்கு நேராகவே, எல்லாவற்றையும் சொன்னார்கள். பாதி காது போனவர்கள், முழுசும் போனவர்கள், பேரப்பிள்ளை மழலை கேட்காமல் தவிக்கிறவர்கள். முதலாளி மகிழ்ச்சியோடு தலையாட்டிக்கொண்டிருந்தார்.

ஷெட்டுக்குள் என் கைபேசியில் எடுத்த ஒலிப்பதிவைச் சாயங்காலம் ஒருங்கிணைப்பாளர் போட்டுக் கேட்டார். ஹெட்போனை மாட்டியவர் தேள் கொட்டியதுபோல் பிடுங்கி எறிந்தார். "என்னம்மா இது? வாய்ஸே இல்லை, வெறும் இரைச்சல்தான் இருக்கு."

"ஆமா சார். அங்க அதுதான் இருக்கு."

அந்தப் பதிவை அவருக்கும் மேலே சென்னையில் இருந்த மேடத்துக்கு அனுப்பினேன். பெண்கள் சொன்னதையும் ஒருவர் பெயரும் இல்லாமல் எழுதினேன். முழு ஒலியில் கேளுங்கள் என்று ஒரு வரி சேர்த்தேன். கேட்டாரோ என்னவோ, சோப்புத் திட்டத்தில் மாற்றமில்லை என்று பதில் வந்தது. ஆனால் சோப்பு வழங்கும் நாளில் காது பரிசோதனைக் கருவி ஒன்றையும் ஒரு டெக்னீஷியனையும் அனுப்புவார்களாம். முடிவைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு யோசிப்பார்களாம். எனக்கு அது போதும் என்று நினைத்தேன். சித்தி வெகுநாளைக்குப் பிறகு சிரித்தாள்.

அடுத்த ஷட்டவுன் நாள். அதே ஹாலில், அதே வடையோடு, கை கழுவும் விழா பேனர். அதை ஒட்டி நூல் மூட்டைகள் அடுக்கிய ஒரு சின்ன அறை. நூல் சத்தத்தை உறிஞ்சும் என்று அந்த அறையைப் பிடிவாதமாகக் கேட்டு வாங்கினேன். டெக்னீஷியன் நேர்த்தியாகத் தலை வாரிய ஒரு வாலிபர். மேஜையில் பேட்டரியில் ஓடும் கருவியை வைத்து, தனக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு, வந்தவளுக்கு ஹெட்போனை மாட்டி, "சத்தம் கேட்டா கையத் தூக்குங்க" என்றார். முதலாளிக்கு இது ஏதோ பொதுவான பரிசோதனை என்று சொல்லியிருந்தோம். அவர் கீழே கணக்குப்பிள்ளையோடு இருந்தார்.

ஒவ்வொருத்தியாக உள்ளே போனார்கள். நான் சோப்புப் பெட்டியை உடைத்துக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒருங்கிணைப்பாளர் என்னைத் தேடி வந்தார். முகம் முழுக்க வெற்றி.

"எல்லாரும் நார்மல்மா! ஒருத்தருக்குக்கூட ப்ராப்ளம் இல்லை. நான் அன்னைக்கே சொன்னேன்ல?"

அந்த நேரம் சித்தி வெளியே வந்தாள். முகத்தில் பத்து வயசு குறைந்திருந்தது. அவளுக்கே தெரியாமல் உரக்கச் சொன்னாள்: "எனக்கு ஒண்ணுமே இல்லையாம்ட்டி! நான்தான் சும்மா பயந்துட்டேன்!"

குக்கர் விசில் கேட்காத காது நார்மலா? "சத்தம் கேட்டுச்சா சித்தி? நெசமா?"

"கேட்டுச்சே! அந்தத் தம்பி அமுக்கும்போதெல்லாம் டக்கு டக்குன்னு கேட்டுச்சு."

அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னைக் குழப்பியது. அறைக்குள் போய் அடுத்தவளின் பரிசோதனையை ஓரமாக நின்று பார்த்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, விளங்கிவிட்டது. அவள் கண் டெக்னீஷியனின் விரலில் இருந்தது. அவர் பட்டனை அமுக்குவார். அமுக்கும்போது புருவமும் கொஞ்சம் ஏறும். உடனே இவள் கை எழும். நாலு தறி தள்ளி உதட்டைப் படிக்கிறவளுக்கு, ஒரு கை தூரத்தில் இருக்கிற விரல் தப்புமா? பார்ப்பதும் கேட்பதும் அவர்களுக்கு என்றைக்கோ ஒன்றாகிவிட்டன. கண்ணில் பட்டதைத்தான் கேட்டது என்று சொல்கிறார்கள், மனமறிந்து ஒரு பொய்யும் இல்லாமல். பட்டனைப் பார்க்கிற மாதிரி ஆளை எதிரே உட்காரவைத்த இந்த மேதாவியோ, அத்தனை பேருக்கும் நார்மல் நார்மல் என்று எழுதித் தள்ளிக்கொண்டிருந்தார்.

வெளியே சித்தி சோப்பை மூக்கில் வைத்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைக் கலைக்க எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அந்த நார்மல் சென்னைக்குப் போனால் அதோடு எங்கள் தெருவின் காது விவகாரம் முடிந்தது. கையைப் பிடித்து அவளை மறுபடி உள்ளே கூட்டிப்போனேன். நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்க்கப் போட்டேன்.

"முகத்தைப் பாக்காம எப்படிக்கா டெஸ்ட் எடுக்குறது?" என்றார் டெக்னீஷியன்.

"காதைத்தான தம்பி டெஸ்ட் எடுக்கீங்க? முகத்தை எதுக்குப் பாக்கணும்?"

சித்தி சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். நான் சுவரோரம், அவள் முகம் தெரிகிற மாதிரி நின்றேன். பரிசோதனை தொடங்கியது. அவள் கை மடியில் இருந்தது. டெக்னீஷியன் ஒலியைக் கூட்டினார். கை மடியிலேயே இருந்தது. இன்னும் கூட்டினார். தெருவே அடங்கிக் கிடந்த அந்த நேரத்தில், ஹெட்போனிலிருந்து கசிந்த பீப் ஒலி நான் நின்ற இடத்தில் எனக்குக் கேட்டது. அதை மாட்டியிருந்தவள் சுவரில் காரை பெயர்ந்த இடத்தை அமைதியாகப் பார்த்துக்கொண்டு, சத்தம் வரட்டும் என்று காத்திருந்தாள்.

அப்போதுதான் முதலாளி படியேறி வந்தார். அறை வாசலில், சித்தியின் முதுகுக்குப் பின்னால் நின்றார். "ஏட்டி, சோப்பு வாங்கியாச்சுல்லா? கீழ நாடாவுக்குத் தாரு நூலு சுத்த ஆளு வேணும். எறங்கி வா."

சித்தி அசையவில்லை. ஹெட்போன் மாட்டியிருப்பது ஒரு நல்ல காரணம்தான். ஆனால் டெக்னீஷியன் மரியாதைக்கு அதை அவள் தலையிலிருந்து கழற்றிவிட்டார். அறையில் ஒரு சத்தமும் இல்லை. முதலாளி மறுபடியும் சொன்னார், இன்னும் உரக்க. "ஏட்டி, ஒன்னத்தான்."

நான் சுவரோரத்தில் தலைமுடியைச் சரிசெய்வதுபோல் முகத்தைப் பாதி மறைத்துக்கொண்டு உதட்டை அசைத்தேன். "மொதலாளி. பின்னால. தாரு சுத்தக் கூப்பிடுதாரு."

சித்தி நிதானமாகத் திரும்பினாள். "இந்தா வாரேன் மொதலாளி. தாருதான? நூலு அங்கன இருக்கா, இங்கனருந்து எடுத்துட்டு வரவா?"

"இங்கனருந்தே எடுத்துட்டு வா" என்றார் அவர். ஹெட்போனைக் காட்டி, "இது என்ன கூத்து?"

"பாட்டுப் போடுதாங்க மொதலாளி."

"ஒங்களுக்கு நல்ல வாழ்வுதான்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். இவளுடைய காதை இத்தனை வருஷம் அரைத்த மனிதருக்கு, அந்தக் காது இப்போது இல்லை என்பதைக் கண்டுபிடிக்கிற அளவுக்குக்கூட அக்கறை இருக்கவில்லை.

சித்தி என்னைப் பார்த்தாள். உதட்டால் கேட்டாள்: "போயிருச்சா?"

"ரெண்டுலயும். நெறைய."

கொஞ்ச நேரம் கையிலிருந்த சோப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அவள் முகத்தில் வந்தது அழுகை இல்லை. ஊடை அறுந்த தறியை நிறுத்தும்போது வருகிற முகம். "மத்தவளுக?"

"அவங்களையும் தப்பாத்தான் பாத்திருக்கான்."

"அப்ப எல்லாரையும் திரும்ப உக்கார வை. எனக்கு மட்டும் போயிருக்குன்னா என்னைய அனுப்புவாரு. எல்லாருக்கும் போயிருக்குன்னு எழுத்துல வந்துட்டா யார அனுப்புவாரு? தறிய அவரே ஓட்டுவாரா?"

சொல்லிவிட்டு வாசலுக்குப் போய் நின்றாள். ஹாலின் நடுவில் ஒருங்கிணைப்பாளர் சோப்பும் கையுமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலாக, அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்த பெண்களிடம் சித்தி உதட்டை அசைத்தாள். நீளமாகச் சொன்னாள். ஒருத்தி வாயைப் பொத்தினாள். ஒருத்தி தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு வடையைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் எழுந்தார்கள்.

"ஏன்மா, இவங்கள்லாம் முடிஞ்சவங்கதானே? எதுக்கு மறுபடி கியூ?" என்றார் ஒருங்கிணைப்பாளர்.

"வேலிடேஷன் சார்."

"ஓ! வெரி குட், வெரி குட்" என்று வழிவிட்டார்.

நூல்கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு சித்தி படி இறங்கினாள். உள்ளே முதலில் போனவள் நாற்காலியில் உட்காருவதற்கு முன் அது சுவரைத்தான் பார்க்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.